சன்ரூஃப் சத்தமா? கை வைக்கும் முன் காது கொடுங்கள்!

முன்பு விலை உயர்ந்த கார்களில் மட்டும் இருந்த சன்ரூஃப், இன்று வென்யூ, நெக்ஸான், பிரெஸ்ஸா, க்ரெட்டா என்று நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் கார்களிலும் வந்துவிட்டது. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் ஒன்றிரண்டு வருடம் ஓடியதும் பல கார்களில் தலைக்கு மேலே ஒரு சத்தம் கிளம்பும். வேகத்தடை ஏறினால் 'கடகட', வளைவில் திரும்பினால் 'கிரீச்', மோசமான ரோட்டில் 'டிக் டிக்'. காதுக்கு மிகப் பக்கத்தில் வருவதால் சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கும். ஓட்டுகிறவரின் கவனமும் சிதறும்.

கூரையில் ஒரு திறப்பு, அதில் நகரும் கண்ணாடி, சுற்றிலும் ரப்பர் பீடிங், இரண்டு பக்கமும் டிராக், இழுக்கக் கேபிள், தள்ள மோட்டார். சன்ரூஃப் என்பது இவ்வளவுதான். இதில் வரும் சத்தங்களில் பெரும்பாலானவை தூசியாலும் காய்ந்த ரப்பராலும் வருபவை. அவற்றை வீட்டு வாசலிலேயே சரிசெய்யலாம். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எண்ணெயும் கிரீஸும் அடிப்பதுதான் செலவை இழுத்துவிடுகிறது. அதனால் முதலில் இடத்தைப் பிடியுங்கள். வைத்தியம் பிறகு.

சத்தத்தைக் கண்டுபிடிக்க

1. முதலில் காரைக் காலி செய்யுங்கள். கூலிங் கிளாஸ் ஹோல்டரில் கிடக்கும் கண்ணாடி, சன் வைசரில் செருகிய டோல் ரசீது, ரியர் வியூ மிரரில் தொங்கும் சாமி படம், கதவுப் பையில் இருக்கும் தண்ணீர் பாட்டில், சில்லறைக் காசு, டிக்கியில் உருளும் ஜாக்கி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கூரையோரம் மேலே இருக்கும் எந்தப் பொருள் ஆடினாலும் அது சன்ரூஃப் சத்தம் போலவே கேட்கும்.

2. டயர் காற்றைச் சரிபாருங்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எவ்வளவு காற்று என்று எழுதியிருக்கும். அதைவிட அதிகமாக அடித்திருந்தால் ரோட்டின் ஒவ்வொரு குலுக்கலும் கூரை வரைக்கும் ஏறும். காற்றைச் சரியாக வைத்ததுமே சில கார்களில் சத்தம் பாதியாகக் குறைந்துவிடும். டயர் சூடாக இருக்கும்போது அளந்தால் கணக்கு தவறும். காலையில் வண்டி எடுக்கும் முன் பார்ப்பதே சரி.

3. ஒரே ரோடு, ஒரே வேகம். வீட்டுக்குப் பக்கத்தில் குண்டும் குழியுமான, போக்குவரத்து இல்லாத ஒரு தெருவைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஏ.சி. ஃபேனையும் ஸ்டீரியோவையும் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு 20 முதல் 30 கி.மீ. வேகத்தில் போங்கள். கேட்பதும் தொட்டுப் பார்ப்பதும் கூட வருபவரின் வேலை. ஓட்டுகிறவர் ரோட்டை மட்டும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வேலை முடிந்ததும் இதே தெருவில் இதே வேகத்தில் போய்ப் பார்த்தால்தான் குறைந்ததா இல்லையா என்று சொல்ல முடியும்.

4. சத்தத்தின் ரகத்தைக் கவனியுங்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது.
'கிரீச்' என்று இழுத்தால், காய்ந்த ரப்பர் கண்ணாடியிலோ கூரைத் தகட்டிலோ உரசுகிறது.
'கடகட' என்று ஆடினால், கண்ணாடியைத் தாங்கும் ஸ்க்ரூவோ டிராக்கில் ஓடும் பிளாஸ்டிக் கட்டையோ தளர்ந்திருக்கிறது.
'டிக் டிக்' என்றால், முன்னால் இருக்கும் காற்றுத் தடுப்பான், கிளிப், அல்லது கண்ணாடியின் பசை.
'ஜிர்' என்று நடுங்கினால், மேலே இருக்கும் விளக்குப் பேனலோ ஒயரோ.
வேகம் கூடினால் மட்டும் 'உஸ்' என்றால், காற்று நுழைகிறது.

5. நான்கு நிலைகளில் சோதியுங்கள். அதே தெருவில் (அ) எல்லாம் மூடி, (ஆ) உள்திரையை மட்டும் திறந்து, (இ) கண்ணாடியைப் பின்பக்கம் மட்டும் தூக்கி, (ஈ) முழுவதும் திறந்து என நான்கு முறை போய் வாருங்கள். உள்திரையைத் திறந்ததும் சத்தம் நின்றால் குற்றவாளி திரைதான். கண்ணாடியைத் தூக்கியதும் நின்றால் ரப்பரும் கண்ணாடியும் சேரும் இடம். முழுவதும் திறந்தும் அதே சத்தம் தொடர்ந்தால் சன்ரூஃப்பை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடலாம்.

6. உள்ளங்கைச் சோதனை. சத்தம் வரும்போது கூட இருப்பவர் மூடிய கண்ணாடியை உள்ளிருந்து உள்ளங்கையால் மெல்ல மேலே அழுத்தட்டும். முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என மூலை மூலையாகப் பார்க்க வேண்டும். எந்த மூலையை அழுத்தினால் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. அந்த இடத்தில் ஒரு சின்ன மாஸ்க்கிங் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். அழுத்தும்போது யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது. விரல் மாட்டினால் மோட்டார் தானாகத் திரும்பும் வசதி இருந்தாலும் அதை நம்பிக் கை விடாதீர்கள்.

7. பழி சுமக்கும் மற்றவர்களையும் விசாரியுங்கள். முன் விளக்குப் பேனல், சன் வைசரின் கொக்கி, சீட் பெல்ட்டை ஏற்றி இறக்கும் பிடி, மேல் கைப்பிடி, கூரையின் மேலிருக்கும் ரெயில், லக்கேஜ் கேரியர், ஆன்டெனா என ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாருங்கள். கூரை ஒரே பெரிய தகடு என்பதால் பின்னால் வரும் சத்தமும் முன்னால் வருவது போலக் கேட்கும். 'சன்ரூஃப்தான்' என்று வரும் புகார்களில் சீட் பெல்ட்டின் பிடி தளர்ந்திருந்த கதைகளும் உண்டு.

8. கோணலாக ஏற்றிப் பாருங்கள். வீட்டு வாசல் சரிவில் ஒரு முன் சக்கரம் மட்டும் ஏறும்படி மிக மெதுவாகச் சாய்வாக ஏற்றுங்கள். அப்போது காரின் உடல் லேசாக முறுக்கும். கூரையில் பெரிய திறப்பு இருப்பதால் அந்த முறுக்கலில் கண்ணாடியும் ரப்பரும் ஒன்றின் மேல் ஒன்று நகரும். அந்த நேரத்தில் 'கிரீச்' கேட்டால் காய்ந்த பீடிங் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். பனோரமிக் சன்ரூஃப் உள்ள கார்களில் திறப்பு பெரிது என்பதால் இது இன்னும் தெளிவாகக் கேட்கும்.

9. எப்போது வருகிறது என்று எழுதி வையுங்கள். காலைக் குளிரிலா, நண்பகல் வெயிலில் நிறுத்தி எடுத்த பிறகா, மழைக்குப் பின்னா, கார் கழுவிய மறுநாளா? பிளாஸ்டிக்கும் ரப்பரும் இரும்பும் வெயிலில் ஒரே அளவில் விரிவதில்லை. வெயிலில் மட்டும் வரும் சத்தத்தை மாலையில் சர்வீஸ் சென்டரில் காட்ட முடியாது. இந்தக் குறிப்பு பின்னால் பெரிதும் உதவும்.

திறந்து பார்க்க

10. நிழலில் நிறுத்தி, முழுவதும் திறந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பரின் விளிம்பு முழுவதும் மங்கலான கறுப்பாக இருக்க, ஓரிடத்தில் மட்டும் ஒரு விரல் நீளத்துக்குப் பளபளவென்று தேய்ந்திருந்தால் உரசும் இடம் அதுதான். டிராக்கில் பழைய கிரீஸ் மண்ணோடு குழைந்து சந்தனக் கட்டி நிறத்தில் கோடாகப் படிந்திருக்கும். அதை விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்று மணல் தட்டுப்படும். அந்த மணல்தான் பிளாஸ்டிக் கட்டைகளை அரித்து இடைவெளி உண்டாக்குகிறது. உடைந்த பிளாஸ்டிக் துண்டோ பிரிந்த கேபிள் நாரோ தென்பட்டால் அதற்கு மேல் சுவிட்சை அழுத்தாமல் மெதுவாக மூடி, நேராக சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

11. காகிதச் சோதனை. ஒரு வெள்ளைத் தாளை இரண்டு விரல் அகலப் பட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கும் பீடிங்குக்கும் நடுவில் வைத்து மூடி, மெல்ல இழுங்கள். சுற்றிலும் ஒரு சாண் இடைவெளியில் இதையே செய்யுங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுக்கமாக வர வேண்டும். ஓரிடத்தில் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே கண்ணாடி தாழ்ந்திருக்கிறது அல்லது ரப்பர் அமுங்கியிருக்கிறது. கிழிந்துவிடும் அளவுக்குப் பிடித்தால் அங்கே அழுத்தம் அதிகம். 6-வது குறிப்பில் ஒட்டிய டேப்பும் இந்த இடமும் பொருந்தினால் உங்கள் தேடல் முடிந்தது.

சுத்தமும் மசகும்

12. பீடிங்கைக் கழுவுங்கள். ஒரு மக் தண்ணீரில் சில சொட்டு கார் ஷாம்பு கலந்து, மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் பிழிந்து, ரப்பரின் எல்லா மடிப்பையும் துடையுங்கள். ரப்பர் உட்காரும் கூரை விளிம்பையும் கண்ணாடியின் ஓரத்தையும் விடாதீர்கள். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணி, அதன் பிறகு காய்ந்த துணி. ஈரம் முழுவதும் போக அரை மணி நேரம் திறந்தே இருக்கட்டும். 'கிரீச்' சத்தம் இத்தோடு நின்றுவிடுவதும் உண்டு. நின்றுவிட்டதா என்று அறிய, அடுத்த வேலைக்குப் போகும் முன் சோதனைத் தெருவுக்கு ஒருமுறை போய் வாருங்கள்.

13. ரப்பருக்கு சிலிக்கான் மட்டுமே. கார் அக்சஸரீஸ் கடைகளில், சென்னையில் ஜி.பி. ரோடு போன்ற இடங்களில், ரப்பருக்கான சிலிக்கான் கிரீஸோ ஸ்ப்ரேயோ கிடைக்கும். ஸ்ப்ரேயை நேராக ரப்பரில் அடிக்காதீர்கள். துணியில் அடித்து, அந்தத் துணியால் மெல்லிய பூச்சாகத் தடவி, பத்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். தொட்டால் வழுவழுப்பு தெரிய வேண்டும், விரலில் ஒட்டக்கூடாது. முன் கண்ணாடியில் சிலிக்கான் பட்டால் மழையில் வைப்பர் போடும்போது மங்கலாகப் படர்ந்து ரோடு தெரியாமல் போகும். அதனால் முன் கண்ணாடி மேல் ஒரு பழைய துண்டை விரித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

14. தேங்காய் எண்ணெய், வாஸ்லின், என்ஜின் ஆயில், துரு நீக்கும் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். சன்ரூஃப் பீடிங் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற ரப்பர். வெயிலையும் மழையையும் ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஆனால் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெயையும் கிரீஸையும் தாங்காது. ஊறி உப்பி, பிடி விட்டுவிடும். தேங்காய் எண்ணெய் தெருத் தூசியை எல்லாம் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். துரு நீக்கும் ஸ்ப்ரே டிராக்கில் இருக்கும் நல்ல கிரீஸையும் கரைத்துவிடும். தடவிய அன்று சத்தம் நிற்கும், ஒரு மாதத்தில் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும்.

15. டிராக்கைச் சுத்தம் செய்யும் முறை. முதலில் வேக்குவம் கிளீனரால் தளர்ந்த மண்ணை இழுத்துவிடுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மூலைகளைக் கிளறி மீண்டும் இழுங்கள். குழைந்த பழைய கிரீஸை உலர்ந்த துணியை மரக்குச்சியில் சுற்றித் துடைத்து எடுங்கள். பெட்ரோல், தின்னர் போன்றவை பிளாஸ்டிக்கையும் பெயின்ட்டையும் கெடுக்கும். தண்ணீரைப் பீய்ச்சவும் கூடாது. மண் கீழே இறங்கி வடிகால் குழாயை அடைத்துவிடும்.

16. கிரீஸ் ஒரு பூச்சு போதும். எந்த வகை கிரீஸ் என்று சில கார்களின் மேனுவலில் சொல்லியிருப்பார்கள், இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளலாம். கிடைத்ததை வாங்கிப் பழைய கிரீஸோடு கலக்காதீர்கள். விரல் நுனியில் பச்சைப் பயறு அளவு எடுத்து, பிளாஸ்டிக் கட்டை ஓடும் தடத்தில் மட்டும் தடவுங்கள். கண்ணாடியை மூன்று நான்கு முறை திறந்து மூடி, ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். அதிக கிரீஸ் அதிக மண்ணைப் பிடிக்கும்.

17. காற்றுத் தடுப்பானைக் கவனியுங்கள். சன்ரூஃப்பைத் திறந்ததும் முன்னால் தானாக எழும் கறுப்புப் பட்டை அல்லது வலைதான் அது. மூடும்போது கண்ணாடியின் கீழே மடங்கிப் படுக்கும். அதன் இரண்டு பக்க ஸ்பிரிங் கைகள் தளர்ந்தால் மூடிய நிலையில் 'டிக் டிக்' என்று அடிக்கும். விரலால் அழுத்தி விட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் எழ வேண்டும். பட்டை வந்து படியும் இடத்தில், ஒயர்களில் சுற்றும் துணி டேப்பை ஒரு சின்னத் துண்டு ஒட்டினால் பெரும்பாலும் சத்தம் அடங்கிவிடும். ஒட்டியதும் கண்ணாடி தடையில்லாமல் முழுவதும் மூடுகிறதா என்று பாருங்கள். தடித்த ஃபோம், டபுள் டேப் ஒட்டினால் கண்ணாடி தூக்கிக்கொண்டு நிற்கும்.

18. உள்திரை ஆடினால். அதன் ஓரங்கள் ஓடும் பள்ளத்தில் தூசியைத் துடைத்தாலே பல சமயம் சரியாகிவிடும். கையால் தள்ளும் திரையில் பிடியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகமாக ஆடினால் அந்தப் பக்கக் கிளிப் தேய்ந்திருக்கிறது. கிளிப் தனியாகக் கிடைக்குமா என்று ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் கேளுங்கள்.

19. வடிகால் குழாய்களை மறக்காதீர்கள். சன்ரூஃப் பீடிங் மழைத் தண்ணீரை முழுவதும் நிறுத்துவதில்லை. கசிந்து வரும் தண்ணீர் சுற்றியுள்ள பள்ளத்தில் விழுந்து, மூலைகளில் இருக்கும் குழாய்கள் வழியாகக் காருக்கு அடியில் வெளியேறும். ஒரு சின்னக் கிண்ணம் தண்ணீரை மூலையில் மெதுவாக ஊற்றுங்கள். சற்று நேரத்தில் அந்தப் பக்கச் சக்கரத்தின் அருகே சொட்ட வேண்டும். சொட்டாமல் பள்ளத்தில் தேங்கினால் வேப்பம்பூவோ புங்கம்பூவோ அடைத்திருக்கும். மெல்லிய, வளையும் நைலான் இழையை மெதுவாக விட்டு எடுக்கலாம். கம்பியையும் பஞ்சர் கடைக் காற்றையும் விடாதீர்கள். உள்ளே குழாய் இணைப்பிலிருந்து கழன்றால் தண்ணீர் காருக்குள் கொட்டும். கழன்ற குழாய் தூணுக்குள் ஆடித் தட்டும், அது ஒரு புதிய சத்தமாகிவிடும்.

அமைப்பைச் சரிசெய்ய

20. ரீசெட் செய்து பாருங்கள். பேட்டரி மாற்றிய பிறகோ சார்ஜ் இறங்கிய பிறகோ சத்தம் தொடங்கியிருந்தால், கண்ணாடி எங்கே முழுவதும் மூடுகிறது என்ற கணக்கு மோட்டாருக்கு மறந்திருக்கலாம். கடைசி ஓரிரு மில்லிமீட்டர் மூடாமல் நின்றாலே கண்ணாடி ஆடும், விசில் அடிக்கும். மேனுவலில் சன்ரூஃப் பகுதியில் ரீசெட் முறை இருக்கும். பெரும்பாலும் இக்னிஷனை ஆன் செய்து, மூடும் சுவிட்சைக் கையெடுக்காமல் சில விநாடி பிடித்திருப்பதுதான். காருக்குக் கார் வரிசை மாறும் என்பதால் உங்கள் மேனுவலில் உள்ளபடியே செய்யுங்கள். செலவில்லாத வைத்தியம் இது.

21. கண்ணாடியின் மட்டம். கூரைக்குள் சறுக்கிப் போகும் சாதாரண சன்ரூஃப்களில், மூடியிருக்கும்போது கண்ணாடியின் முன் விளிம்பு கூரைக்குச் சமமாகவோ மயிரிழை தாழ்ந்தோ, பின் விளிம்பு சமமாகவோ மயிரிழை உயர்ந்தோ இருக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் இந்த வித்தியாசம் 1 மி.மீ.க்குள்தான். முன் விளிம்பு உயர்ந்தால் எதிர்க்காற்று நேராக அதில் மோதும். கண்ணாடியைப் பின்பக்கம் தூக்கினால் பக்கவாட்டுக் கவருக்குப் பின்னால், பக்கத்துக்கு இரண்டோ மூன்றோ நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்கள் தெரியும். அவை தளர்ந்திருக்கின்றனவா என்று மட்டும் பொருத்தமான டார்க்ஸ் பிட்டால் சோதியுங்கள். மட்டத்தையே மாற்றுவதாக இருந்தால் முதலில் பழைய இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, மூடிய நிலையில் ஒரு நேரத்தில் ஒரு மூலையை மட்டும் தளர்த்தி, மேனுவல் சொல்லும் அளவுக்குத்தான் இறுக்க வேண்டும். பழக்கமில்லாதவர்களும் பனோரமிக் சன்ரூஃப் வைத்திருப்பவர்களும் இதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

22. திறந்திருக்கும்போது மட்டும் காது அடைப்பது போல 'புப் புப்' என்று அதிர்ந்தால் அது கோளாறு அல்ல. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் வரும் ஓசையைப் போன்றது அது. திறப்பின் மேல் ஓடும் காற்று, காருக்குள் இருக்கும் காற்றை மொத்தமாக அதிரவைக்கிறது. பின் கதவுக் கண்ணாடியை இரண்டு விரல் அகலம் இறக்கினாலோ சன்ரூஃப்பை முக்கால் பங்கு மட்டும் திறந்தாலோ நின்றுவிடும். இதற்காகப் பீடிங்கை மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்

23. கூரைத் துணியை நீங்களாகப் பிரிக்காதீர்கள். கதவுகளுக்கு மேலே, கூரையின் இரண்டு ஓரமும் நீள, கர்ட்டன் ஏர்பேக் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். சத்தம் அடங்கட்டும் என்று அந்த இடத்தில் ஃபோமையோ துணியையோ திணித்தால், விபத்தின்போது ஏர்பேக் விரியாமல் தடைபடலாம். தூண்களின் கவரைக் கழற்றுவதும் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. எந்தச் சத்தமும் குடும்பத்தின் உயிரைவிடப் பெரிதல்ல. அதேபோல சீலன்ட் வைத்து இடைவெளியை அடைப்பதும் வேண்டாம். தண்ணீர் போகும் வழியை அடைத்துவிட்டால் அது உள்ளே வேறு வழி தேடும்.

24. கண்ணாடியே சட்டத்திலிருந்து அசைந்தால் ஓட்டாதீர்கள். சன்ரூஃப் கண்ணாடி ஒரு சட்டத்தில் பசையால் ஒட்டப்பட்டது. கண்ணாடியை அழுத்தும்போது சட்டம் அசையாமல் கண்ணாடி மட்டும் நகர்ந்தால், அல்லது ஓரத்தில் பசை பிரிந்து கோடு தெரிந்தால், ஓடும்போது அது கழன்று பின்னால் வருபவர் மேல் விழக்கூடும். இது வீண் பயமல்ல. 2019-ம் ஆண்டு இறுதியில், 2001 முதல் 2011 வரையிலான மாடல்களில் சுமார் 7.4 லட்சம் கார்களை மெர்சிடிஸ் பென்ஸ் அமெரிக்காவில் திரும்ப அழைத்தது இந்தப் பசைக் கோளாறுக்காகத்தான். உங்கள் காருக்கு இப்படி ஏதாவது அழைப்பு இருக்கிறதா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளலாம்.

மீண்டும் வராமல் இருக்க

25. மாதம் ஒருமுறை முழுவதும் திறந்து மூடுங்கள். வெயில் அதிகம் என்று ஆண்டு முழுவதும் மூடியே வைத்திருந்தால் ரப்பர் ஒட்டிக்கொள்ளும், கிரீஸ் இறுகும். திறக்கும் முன் கூரையில் இருக்கும் சருகையும் மண்ணையும் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அவை டிராக்கில்தான் விழும். மண் ரோட்டில் போகும்போது திறக்க வேண்டாம். வாட்டர் வாஷில் பிரஷர் கன்னைப் பீடிங்குக்கு மிக அருகில் பிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பரிலேயே 12 முதல் 19 வரையுள்ள வேலைகளை ஒருமுறை செய்துவிட்டால் மழைக்காலத்தில் கசிவும் இருக்காது, சத்தமும் இருக்காது.

26. ஓடும் காரில் குழந்தைகளை சன்ரூஃப்பில் நிற்கவைக்காதீர்கள். திடீர் பிரேக்கில் கழுத்தும் மார்பும் இரும்பு விளிம்பில் மோதும், தாழ்ந்த கிளையோ கேபிளோ தலையில் அடிக்கும். சீட் பெல்ட் எந்த உதவிக்கும் வராது. நிற்கும் காரிலும் முழங்கையை ஊன்றிச் சாய்ந்தால் காற்றுத் தடுப்பானின் கைகள் வளையும், பீடிங் நசுங்கும். கல்யாண ஊர்வலத்துக்காக நாலு பேர் ஏறி நின்ற காரில் அடுத்த மாதமே சத்தம் வருவதற்குக் காரணம் இதுதான்.

சர்வீஸ் சென்டரில்

27. ஜாப் கார்டில் விவரமாக எழுதச் சொல்லுங்கள். 'சன்ரூஃப் சத்தம்' என்று இரண்டு வார்த்தையோடு விடாதீர்கள். 'மூடிய நிலையில், 25 கி.மீ. வேகத்தில், மேடு பள்ளத்தில், முன் இடது மூலையில் கடகட சத்தம். அந்த மூலையை அழுத்தினால் நிற்கிறது. வெயிலில் நிறுத்தி எடுத்தால் அதிகம்' என்று இருக்கட்டும். மொபைலில் எடுத்த வீடியோவைக் காட்டுங்கள். டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு ரவுண்டு போய் வாருங்கள். வாரன்டி முடிய ஒரு நாள் இருந்தாலும் புகார் தேதியோடு பதிவாகியிருந்தால் அது உங்களுக்கு ஆதாரம். ஜாப் கார்டின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இவ்வளவு தெளிவாகச் சொல்பவரை 'இதெல்லாம் நார்மல்தான் சார்' என்று யாரும் எளிதில் அனுப்ப முடியாது.

28. எதை மாற்றப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். முழு சன்ரூஃப் அசெம்பிளியையும் மாற்றச் சொன்னால், எந்தப் பாகம் கெட்டது, அதைக் காட்ட முடியுமா, பீடிங்கோ கிளிப்போ பிளாஸ்டிக் கட்டையோ தனியாகக் கிடைக்காதா என்று கேளுங்கள். சுத்தம் செய்து மட்டம் சரிசெய்து பார்த்துவிட்டார்களா என்பதையும் கேளுங்கள். எழுத்தில் எஸ்டிமேட் வாங்கிய பிறகே சம்மதம் கொடுங்கள்.

29. வண்டியை எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். முழுவதும் திறந்து மூடிப் பாருங்கள். ஓரங்களைச் சுற்றி விரலை ஓட்டி மட்டம் சரியா என்று பாருங்கள். மூடிய கண்ணாடி மேல் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொல்லி உள்ளே ஈரம் வருகிறதா என்று கவனியுங்கள். கூரைத் துணியில் கறையோ மடிப்போ விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு சர்வீஸ் அட்வைசரையும் ஏற்றிக்கொண்டு, முன்பு சத்தம் வந்த மாதிரியான மேடு பள்ளத்தில் அதே வேகத்தில் ஒருமுறை ஓட்டுங்கள். சத்தம் இல்லை என்று உங்கள் காதுக்கே உறுதியான பிறகு ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுங்கள்.